அஞ்சு சுவிட்ச் ஆன், பல்பு எரியலை

முதல் வருஷ பேசிக் எலக்ட்ரிக்கல்ல இருந்து ஒரு சின்னக் கேள்வி. ஒரு பேட்டரி, ஒரு பல்பு, நடுவில் ஆறு சுவிட்ச். ஆறும் சீரீஸில் இருக்கின்றன. அஞ்சு ஆன், ஒண்ணு மட்டும் ஆஃப். பல்பு எவ்வளவு வெளிச்சம் தரும்?

"ஆறில் அஞ்சு பங்கு" என்று யாராவது எழுதினால் சார் பேப்பரையே தூக்கி எறிவார். சுத்தமாக எரியாது. மீதி அஞ்சும் தங்கத்திலேயே செய்திருந்தாலும் எரியாது.

இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் "டிஜிட்டல் இடைவெளி" என்று பேச்சு வந்தவுடனே இதை மறந்துவிடுகிறோம். "டவர் வந்துருச்சுப்பா", "டேட்டா சல்லிசா கிடைக்குது", "இப்பல்லாம் யார்கிட்ட போன் இல்லை?" என்று ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனியாக மார்க் போட்டு, கூட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, முன்னேறிட்டோம்" என்கிறோம்.

ஒருவர் ஒரு சேவையைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஆறு விஷயங்கள் ஒரே நேரத்தில் ஆனில் இருக்க வேண்டும்: சிக்னல், கருவி, மொழி, உடல், அனுமதி, பழக்கம். இவை கூட்டல் கணக்கு கிடையாது. சீரீஸ் சர்க்யூட். இந்த ஆறில் சில சுவிட்சுகளை அரசும் கம்பெனிகளும்தான் போட முடியும். ஆனால் சிலவற்றை ஆஃப் செய்வது கோடு எழுதுகிற ஆள். அதாவது, இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் நாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

டவர் இருக்கு, ஆனா...

முதலில் உலகக் கணக்கைப் பார்த்துவிடலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டின்படி இணையத்துக்கு வெளியே இருப்பவர்கள் சுமார் 260 கோடிப் பேர். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்.

இதைக் கேட்டவுடன் நம் மனதில் என்ன படம் வரும்? மலைக்கு நடுவில் ஒரு கிராமம், டவரே இல்லாத காடு. அந்தப் படம் பாதிகூட உண்மை இல்லை. மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024-இல் வெளியிட்ட அறிக்கை இரண்டு எண்களைப் பிரித்துக் காட்டுகிறது. மொபைல் இணைய சிக்னலே எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் உலக மக்கள்தொகையில் வெறும் 4 சதவீதம். சிக்னல் தலைக்கு மேலே இருந்தும் மொபைல் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் 39 சதவீதம். முதலாவதை கவரேஜ் இடைவெளி என்றும், இரண்டாவதைப் பயன்பாட்டு இடைவெளி என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது, முதலாவதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு.

அந்த 4 சதவீதம் முக்கியமில்லை என்று அர்த்தம் இல்லை. அங்கே டவர் போட்டே ஆக வேண்டும். ஆனால் மிச்சம் இருக்கிற பெரிய கூட்டத்துக்கு இன்னொரு டவர் உதவாது. அவர்களுக்கு முதல் சுவிட்ச் ஏற்கெனவே ஆன். வேறு எங்கேயோ ஒரு சுவிட்ச் ஆஃப்.

வீட்டில் போன் இருக்கு. யாரோட போன்?

இரண்டாவது சுவிட்ச் கருவி. "எங்க வீட்ல போன் இருக்கு" என்ற வாக்கியத்தில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தப் போன் பகலில் யார் சட்டைப் பையில் இருக்கிறது?

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதைச் சரியாகக் கேட்டது. வீட்டில் போன் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், "நீங்களே பயன்படுத்தும் போன் உங்களிடம் இருக்கிறதா?" என்று பெண்களிடம் கேட்டது. இந்தியா முழுக்க 54 சதவீதப் பெண்கள்தான் ஆமாம் என்றார்கள். இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்ற பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். இது 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களின் கணக்கு. பாட்டிமார்களை இன்னும் சேர்க்கவே இல்லை.

ஒரே வீடு, ஒரே கூரை, ஒரே சிக்னல். ஆனாலும் இடைவெளி சமையலறைக்கும் திண்ணைக்கும் நடுவில் ஓடுகிறது.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த சுவிட்சின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. அப்பாவின் ஒரே போனுக்கு அக்காவும் தம்பியும் வரிசையில் நின்ற காலம் அது. அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் ஒரு பழைய கருவிதான் கைகொடுத்தது: டிவி. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி, ஊரடங்கில் பாடம் நடத்தியது. டிவியில் சந்தேகம் கேட்க முடியாது, உண்மைதான். ஆனால் போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்தது. இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

140 பைட்டுக்குள் தமிழ்

மூன்றாவது சுவிட்ச் மொழி. இதை ஒரு சின்னக் கணக்கின் மூலம் பார்க்கலாம், ஏனென்றால் இந்த சுவிட்ச் ஒரு டிசைன் முடிவுக்குள் எப்படி ஒளிந்திருக்கிறது என்பது அதில் தெரியும்.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்று ஜிஎஸ்எம் தரநிலையில் வைத்தார்கள். 1,120-ஐ 7-ஆல் வகுத்தால் 160. அதுதான் நமக்குத் தெரிந்த 160 எழுத்துக் கணக்கு. தமிழில் அனுப்பினால் செய்தி வழக்கமாக யூனிகோடுக்கு மாறும். ஒரு குறியீட்டுக்கு 16 பிட். 1,120-ஐ 16-ஆல் வகுத்தால் 70.

சரி, 70 எழுத்து கிடைக்குதே என்கிறீர்களா? அதுவும் கிடைக்காது. யூனிகோடில் 'கொ' என்பது இரண்டு குறியீடு: 'க' ஒன்று, ஒகரக் குறி ஒன்று. 'ச்' என்பதும் இரண்டு: 'ச' ஒன்று, புள்ளி ஒன்று. "கடவுச்சொல்" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் பத்து.

விளைவு? ஆங்கிலத்தில் ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்குகிற செய்தி தமிழில் இரண்டாகவோ மூன்றாகவோ உடையும். மொத்தமாக லட்சக்கணக்கில் செய்தி அனுப்புகிற நிறுவனத்துக்குச் செலவு அத்தனை மடங்கு. உடனே யாரோ ஒருவர் மீட்டிங்கில் சொல்வார், "ஓடிபி மெசேஜ்தானே, இங்கிலீஷே போதும்." அவர் கெட்டவர் இல்லை, பட்ஜெட் பார்க்கிறவர். ஆனால் "இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்" என்ற எச்சரிக்கையை மிகவும் தேவைப்படுகிறவர் படிக்க முடியாமல் போவது அந்த இடத்தில்தான். மறுநாள் "பேங்க்ல இருந்து பேசுறோம், மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று ஒரு குரல் தமிழில் கூப்பிடும். மோசடிக்காரனுக்குத் தெரிகிறது எந்த மொழியில் பேசினால் எடுபடும் என்று. நம் சிஸ்டத்துக்குத் தெரியவில்லை.

கண்ணைச் சிமிட்டு, அப்பதான் உயிரோட இருக்கேன்னு நம்புவேன்

நான்காவது சுவிட்ச் உடல். இதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

ஆன்லைனில் வங்கிக் கணக்கு தொடங்கும்போது கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்வார்கள், பார்த்திருப்பீர்கள். போட்டோவைக் காட்டி ஏமாற்றாமல் இருக்க, எதிரில் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று சரிபார்க்கும் உத்தி. பாதுகாப்புக் கோணத்தில் நியாயமான யோசனை. ஆனால் அமில வீச்சில் இமைகள் சிதைந்துபோன ஒரு பெண்ணால் சிமிட்ட முடியாதே? உயிரோடு, கேமரா முன்னாலேயே உட்கார்ந்திருக்கும் மனுஷியை மென்பொருள் ஏற்காது.

அமில வீச்சிலிருந்து மீண்டவர்கள் இப்படிப்பட்ட அனுபவத்தோடு உச்ச நீதிமன்றம் போனார்கள். பார்வையற்ற ஒருவரும் தனி மனு போட்டிருந்தார். செல்ஃபியைக் கட்டத்துக்குள் சரியாகப் பொருத்துவது, திரையில் வருவதைப் படித்துக்காட்டுவது என்று கேஒய்சி-யின் பல படிகள் பார்வையற்றவர்களுக்கு எட்டவில்லை என்பது அவர் வாதம். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் அணுகல் என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. கண் சிமிட்டுவது தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்பது உட்பட 20 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது.

யோசித்துப் பாருங்க. அந்த "சிமிட்டு" என்ற வரியை எழுதியவர் நம்மைப் போல ஒரு இன்ஜினியர். அவர் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. 'எல்லோராலும் சிமிட்ட முடியும்' என்று மனதுக்குள் ஓர் அனுமானம், அவ்வளவுதான். அந்த அனுமானத்தைத் திருத்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டெஸ்டிங்கின்போது ஒரே ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை.

இந்த சுவிட்சை ஆன் செய்வது ராக்கெட் சயின்ஸும் கிடையாது. வலைத்தளங்களுக்கான அணுகல் வழிகாட்டிகள் 1999-லிருந்தே இருக்கின்றன. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1 இருக்கணும், படத்துக்கு விளக்கம் இருக்கணும், மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே எல்லாம் செய்ய முடியணும். இப்படி அளந்து பார்க்கக்கூடிய விதிகள். திரையைப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதை உருவாக்கிய இருவருமே பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள். அதில் தமிழ்க் குரலும் உண்டு. இன்று ராத்திரியே உங்கள் லேப்டாப்பில் போட்டு, திரையை அணைத்துவிட்டு, நீங்கள் செய்த ப்ராஜெக்டைக் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்று அது புலம்புவது கேட்டால், எந்தப் பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை என்று அர்த்தம்.

போனை வாங்கி வெச்சுக்கிட்டா?

ஐந்தாவது சுவிட்ச் அனுமதி. சிக்னல் உண்டு, கருவி உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் பயன்படுத்தக் கூடாது என்று ஒருவர் சொல்கிறார்.

இது நமக்கு ரொம்பப் பக்கத்து விஷயம். கேரளத்தில் ஒரு கல்லூரி மகளிர் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் உயர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் நீதிபதி பி.வி. ஆஷா அளித்த தீர்ப்பு, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. அவரை மறுபடி விடுதியில் சேர்க்கவும் உத்தரவிட்டது.

ஹாஸ்டல் விதியைப் பற்றி நம்மில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் இதைக் கவனியுங்கள்: இந்த சுவிட்ச் பெரும்பாலும் யாருக்கு ஆஃப் செய்யப்படுகிறது? பெண்பிள்ளைகளுக்கு, மருமகள்களுக்கு, சின்னவர்களுக்கு. எந்த டவர் கணக்கிலும் இவர்கள் 'கவரேஜ் உள்ளவர்கள்' பட்டியலில்தான் வருவார்கள்.

ஆறும் சேர்ந்து சோதிக்கப்பட்ட மாதம்

2021 மே மாதம். 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி திறந்துவிடப்பட்டது. கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி. தட்டுப்பாடு வேறு. ஸ்லாட் திறந்த சில நொடிகளில் காலியானது.

அப்போது நம்மைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள், ஞாபகம் இருக்கா? கோவினின் ஏபிஐ-யைத் தட்டிக்கொண்டே இருக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினார்கள். ஸ்லாட் திறந்தால் டெலிகிராமில் மணி அடிக்கும் சேனல் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான், நிறையப் பேருக்கு உதவியது. ஆனால் ஊசியின் எண்ணிக்கை அதே எண்ணிக்கைதான். மணி அடித்தவுடன் ஓடிவரத் தெரிந்தவருக்கு ஒரு ஊசி போனால், வரிசையிலேயே நிற்கத் தெரியாதவருக்கு ஒன்று குறைகிறது. கிராமத்து மையங்களுக்கு நகரத்திலிருந்து கார் போட்டுப் போய் ஊசி போட்டுக்கொண்ட செய்திகள் அப்போதே வந்தன.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த வழக்கில், 2021 மே 31 தேதியிட்ட ஆணையில், டிஜிட்டல் இடைவெளி உள்ள நாட்டில் தடுப்பூசிக்கு ஒரு வலைத்தளத்தை மட்டும் நம்பலாமா என்று கேட்டது. பார்வையற்றவர்களால் அந்தத் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா, கேப்ட்சாவுக்கு ஒலி வடிவம் உண்டா, இந்திய மொழிகள் உண்டா என்றெல்லாம் கேள்விகள். பிறகு தளத்தில் இந்திய மொழிகள் வந்தன. முக்கியமாக, முன்பதிவே இல்லாமல் நேரில் போய்ப் பதிந்து ஊசி போட்டுக்கொள்ளும் வழி மே இறுதியில் அரசு மையங்களில் தொடங்கி, ஜூன் 21 முதல் எல்லா மையங்களுக்கும் விரிந்தது.

இந்தத் தீர்வைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லோருக்கும் ஸ்மார்ட்போன் கொடுத்து, எல்லோருக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, அதன்பிறகு ஊசி போடலாம் என்று காத்திருக்கவில்லை. ஆஃப் ஆன சுவிட்சுகளைச் சுற்றி ஒரு வயரை இழுத்தார்கள். எலக்ட்ரிக்கல் பாஷையில் அதற்கு என்ன பெயர்? பேரலல் பாதை.

பேரலலில் ஒரு வயர்

சொல்ல வந்த விஷயமே இதுதான். ஆறு சுவிட்சையும் ஆன் செய்யும் வேலை நடக்கட்டும், அதற்கு வருஷங்கள் ஆகும். அதுவரை ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் ஒரு பேரலல் பாதை போடுவது டிசைனரின் பொறுப்பு. இதை அருமையாகச் செய்து காட்டிய இரண்டு உதாரணங்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கின்றன.

முதலாவது புதுச்சேரியில். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. நம்மில் பலர் பிறக்கவே இல்லை. இணையம் டயல்-அப்பில் முனகிக்கொண்டிருந்த காலம். வில்லியனூரில் மைய நிலையம். அங்கிருந்து கிராமங்களுக்குத் தகவல் விஎச்எஃப் ரேடியோ வழியாகப் போனது. கரண்ட் போனால் சோலார். மையங்களைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களே நடத்தினார்கள். மையம் இருக்கும் இடத்துக்குச் சாதி பார்க்காமல் எல்லோரும் வந்துபோக முடிய வேண்டும் என்பது நிபந்தனை. அனுமதி என்ற சுவிட்சை இவர்கள் கேபிள் இழுப்பதற்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்.

வீராம்பட்டினம் மீனவக் கிராமம். கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற முன்கணிப்பை அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்டுவந்தது. அதை எடுத்து, தமிழாக்கி, ஊர் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவருக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஆங்கிலம் தேவையில்லை. படிக்கத் தெரியவே தேவையில்லை. காது இருந்தால் போதும். செயற்கைக்கோளில் தொடங்கிய தகவல், கடைசி நூறு அடியைக் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற அதே வகை ஸ்பீக்கரில் கடந்தது.

அதே புதுச்சேரியில் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், நிலநடுக்கம், சுனாமி பற்றிய செய்தியைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். மக்கள் வெளியேறினார்கள். அலை வந்தது, வீடுகளும் படகுகளும் போயின. ஊர் உயிர் பிழைத்தது. அன்று அந்தக் கரையில் தகவல் ஒவ்வொருவர் போனுக்கும் தனித்தனியாகப் போக வேண்டியிருந்தால் நேரம் பத்தியிருக்குமா?

இரண்டாவது உதாரணம் தேனி. கிராமத்து மனிதர் கண்ணைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் சின்னச் சின்னப் பார்வை மையங்களைத் திறந்து, வீடியோ வழியாகத் தேனி மருத்துவரோடு இணைக்க நினைத்தது. 2000-களின் நடுவில் அங்கே போதுமான பிராட்பேண்ட் கிடையாது. பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று சாதாரண வைஃபை கார்டையும் திசை ஆன்டெனாவையும் வைத்துப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு லிங்க் போட்டது.

நெட்வொர்க்ஸ் பேப்பர் படித்தவர்களுக்கு உடனே சந்தேகம் வரும். வைஃபை ஒரு கட்டடத்துக்குள் ஓடுவதற்காகச் செய்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற பதில் குறித்த நேரத்துக்குள் வரணும். தூரம் கூடினால் பதில் தாமதமாகி, தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். எதிர்முனை பேசுவது கேட்காமல் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். அந்தக் குழு இந்த விதியையே மாற்றியது. "இப்ப நீ, அடுத்து நான்" என்று நேரத்தைப் பங்கு போடும் டிடிஎம்ஏ முறை, பதில்களை மொத்தமாக அனுப்பும் முறை. மலிவான ஹார்ட்வேர், புதிய மென்பொருள். லிங்க் வேலை செய்தது.

ஆனால் எனக்கு இதில் பிடித்த பகுதி டிடிஎம்ஏ கிடையாது. மையத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி பெற்ற பணியாளர். பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துப் பெண். கண்ணைப் பரிசோதிப்பதும், கருவியை இயக்குவதும், மருத்துவரிடம் விவரம் சொல்வதும் அவர். "ஐயா, இங்க நாடியை வைங்க" என்று அவர் சொன்னால் போதும், தாத்தாவுக்கு வீடியோ கால் என்றால் என்னவென்றே தெரிய வேண்டாம். பழக்கம் என்ற ஆறாவது சுவிட்சுக்குப் பேரலல் பாதை ஒரு மனிதர். நம் ஊர் இ-சேவை மையத்திலும் நடப்பது இதுதான்.

பணப் பரிமாற்றத்திலும் இந்த எண்ணம் வந்துவிட்டது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே-வை அறிமுகம் செய்தது. பட்டன் போனில், குரல் வழியிலோ மிஸ்டு கால் கொடுத்தோ பணம் அனுப்பலாம். நெட் இல்லாமலே இயங்கும் *99# அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது.

அப்ப நாம என்ன பண்ணலாம்?

பெரிய பிரசங்கம் வேண்டாம். அடுத்த மினி ப்ராஜெக்டுக்கோ ஹேக்கத்தானுக்கோ முன்னால் இந்த ஆறு கேள்விகளை ஒரு பேப்பரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

1. சிக்னல்: பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் வேகத்தை 3ஜி-க்குக் குறைத்தால் முதல் பக்கம் திறக்குமா, இல்லை சுத்திக்கொண்டே இருக்குமா?
2. கருவி: அஞ்சு வருஷப் பழைய போனில் ஓடுமா? ஆப் இல்லாமல் எஸ்எம்எஸ்ஸிலோ குரலிலோ இதே வேலை முடியுமா?
3. மொழி: பட்டனில் தமிழ் வாசகம் போட்டால் கட்டத்துக்கு வெளியே வழிகிறதா? பிழைச் செய்திகளும் தமிழில் வருகின்றனவா, இல்லை மெனு மட்டும் தமிழா?
4. உடல்: மவுஸைப் பிடுங்கிவிட்டால்? திரையை அணைத்துவிட்டால்? வேலை செய்து செய்து ரேகை தேய்ந்த விரலாக இருந்தால்?
5. அனுமதி: இது ஒருவரின் சொந்தப் போன் என்று நினைத்துச் செய்கிறோமா? பகிர்ந்துகொள்ளும் போனில் அவருடைய தகவல் பாதுகாப்பாக இருக்குமா?
6. பழக்கம்: பக்கத்தில் இருப்பவர் உதவி செய்து முடிக்க வழி உண்டா? அப்படி உதவும்போது பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டிய நிலை வராமல் இருக்குமா?

ஆறுக்கும் 'ஆமாம்' என்று பதில் வராது. வர வேண்டும் என்றும் சொல்லவில்லை. எது ஆஃப் என்று தெரிந்தால், அதன் பக்கத்தில் ஒரு வயர் இழுக்கலாம். உதவி எண்ணோ, நேரில் பதியும் மேசையோ, ஒரு ஸ்பீக்கரோ, எதுவாகவும் இருக்கலாம். நம் சிம்போசியத்தில் இருந்தே தொடங்கலாமே. 'கியூஆர் ஸ்கேன் செய்தால் மட்டுமே பதிவு' என்ற போஸ்டருக்குக் கீழே ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு பேனா வைக்க எவ்வளவு செலவாகும்?

கடைசியாக ஒரு சோதனை. டெமோ நாளில் உங்கள் ஆப்பை முதலில் ஹெச்ஓடி-யிடம் காட்டாதீர்கள். மெஸ்ஸில் பரிமாறும் அக்காவிடமோ, கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடமோ போனைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ரெண்டு நிமிஷம் நில்லுங்கள். அவர் விரல் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறதோ, அங்கேதான் ஒரு சுவிட்ச் ஆஃப். ராத்திரி ரூமுக்குப் போனதும் முதலில் அதைச் சரிபண்ணுங்க.